கிட்டார் கேபிள் நீளமானால் ட்ரெபிள் எங்கே போகிறது? பஃபரை எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது

வீட்டில் 3 மீட்டர் கேபிளில் கணீரென்று கேட்கிற கிட்டார், கல்யாண மண்டப மேடையில் 15 மீட்டர் கேபிளை மாட்டியதும் போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். முதலில் ஆம்ப்பைச் சந்தேகப்படுவார்கள், அப்புறம் கிட்டார் கம்பியை மாற்றுவார்கள், கடைசியில் மிக்சரில் உட்கார்ந்திருக்கும் சவுண்ட் அண்ணன் "தம்பி, ட்ரெபிள் ஃபுல்லா வச்சுட்டேன், இன்னும் வெளிய வரலையே" என்பார். அவர் ஏற்ற ஏற்ற மேலே வருவது பெரும்பாலும் ஹிஸ் சத்தம்தான்.

இதற்குப் பஃபர், அதாவது சிக்னலை வலுவாகத் தள்ளிவிடுகிற ஒரு சின்ன சர்க்யூட், போதும், பெரிய செலவும் இல்லை. ஆனால் பஃபர் வைத்தும் பலன் இல்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் அதைத் தப்பான இடத்தில் வைத்திருப்பார்கள். பஃபர் தனக்கு அப்புறம் வருகிற கேபிளை மட்டும்தான் காப்பாற்றும். கிட்டாருக்கும் பஃபருக்கும் நடுவில் ஓடுகிற கேபிளில் போனது போனதுதான். 15 மீட்டர் ஓட்டி, ஆம்ப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பஃபரை வைத்தால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

சரி, கேபிளில் என்னதான் நடக்கிறது? கிட்டார் கேபிள் என்பது நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் ஷீல்டு. இரண்டு உலோகம், நடுவில் இன்சுலேஷன், அதாவது அதுவே ஒரு நீண்ட கப்பாசிட்டர். சாதாரண கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் வரும். நல்லதில் 70 இருக்கலாம், மட்டமானதில் 150ஐத் தாண்டும். மறுபக்கம், கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப் என்பது ஆயிரக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பி, பெரிய இண்டக்டர். ஸ்ட்ராட் கிட்டாரில் வருகிற மாதிரி சிங்கிள் காயிலுக்கு 2 முதல் 3 ஹென்றி, இரண்டு காயில் சேர்ந்த ஹம்பக்கருக்கு 4, 5, சூடான ரகம் என்றால் 7, 8 ஹென்றிகூட இருக்கும். இண்டக்டரும் கப்பாசிட்டரும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சியில் ஒரு மேடு எழும்பி, அதற்கு மேலே எல்லாம் சரசரவென்று இறங்கிவிடும். கிட்டாரின் 'குணம்' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த மேடு எங்கே உட்காருகிறது என்பதுதான்.

2.5 ஹென்றி சிங்கிள் காயில், 5 மீட்டர் கேபிள், பிக்கப்பின் சொந்தக் கப்பாசிட்டன்ஸையும் சேர்த்து மொத்தம் 600 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் மேடு சுமார் 4,100 ஹெர்ட்ஸில் வரும். அதே கிட்டாரில் கேபிளை 15 மீட்டராக்கினால் 1,600 பிகோஃபாரட், மேடு 2,500க்கு இறங்கிவிடும். 4.5 ஹென்றி ஹம்பக்கரில் இதே கணக்கு 3,000இலிருந்து 1,900க்கு வரும். பிக் கம்பியில் படும் அந்த 'டக்' சத்தம், கார்டில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிற தெளிவு எல்லாம் இந்த 2,000க்கும் 5,000க்கும் நடுவில்தான் இருக்கிறது. இதனால்தான் கேபிள் நீளமானதும் வால்யூம் குறைந்த மாதிரியே தெரியாது, ஆனால் கூட்டத்தில் கிட்டார் தொலைந்துபோகும்.

உங்கள் கேபிளை அளந்து பார்க்கலாம். கப்பாசிட்டன்ஸ் அளக்கிற மல்டிமீட்டர் இருந்தால் கேபிளின் இரண்டு முனையையும் கழற்றிவிட்டு, ஒரு பின்னின் நுனியிலும் உடம்பிலும் ப்ரோபை வையுங்கள். வருகிற எண்ணை நீளத்தால் வகுத்தால் மீட்டருக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பெட்டியில் 'லோ நாய்ஸ்', 'ப்ரோ' என்று போட்டிருப்பதை எல்லாம் இந்த ஒரு எண் பொய்யாக்கும். நீளத்தைக் கணக்கிடும்போது கிட்டாரிலிருந்து பெடல் போர்டு (காலால் அழுத்தும் எஃபெக்ட் பெடல்களை அடுக்கிய பலகை) வரை மட்டும் பார்க்காதீர்கள். பெடல்களுக்கு நடுவே உள்ள குட்டிக் கேபிள்கள், போர்டிலிருந்து ஆம்ப் வரை போவது எல்லாமே சேரும். எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸ் (அணைத்தால் சிக்னலை வெறும் ஒயர் மாதிரி நேராகக் கடத்தும் வகை) என்று பெருமையாக வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் பெடல்களை அணைத்ததும் மொத்தமும் ஒரே நீளக் கேபிளாகப் பிக்கப்பின் தலையில் ஏறுகிறது.

பஃபர் செய்வது இரண்டே வேலை. உள்ளே வரும் பக்கம் 1 மெகாஓம் போல உயர்ந்த இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் எதிர்ப்பு) காட்டும், அதனால் பிக்கப்புக்குப் பாரம் இல்லை. வெளியே போகும் பக்கம் சில நூறு ஓம்தான், அதனால் பின்னால் எவ்வளவு நீளம் தொங்கினாலும் தள்ளிவிடும். 1,000 ஓம் அவுட்புட்டில் 20 மீட்டர், அதாவது 2,000 பிகோஃபாரட் மாட்டினால்கூட ட்ரெபிள் குறைய ஆரம்பிப்பது 80,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில். வௌவாலுக்குத்தான் வித்தியாசம் தெரியும். சத்தம் ஏறாது, டிஸ்டார்ஷன் வராது. பூஸ்டர் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும்.

வாங்குவதற்கு முன்னால் உங்கள் போர்டைப் பாருங்கள், ஏற்கெனவே ஒரு பஃபர் இருக்கலாம். பாஸ் கம்பெனியின் சின்னப் பெடல்கள் கிட்டத்தட்ட எல்லாமே அணைத்திருக்கும்போதும் சிக்னலைப் பஃபர் வழியாகத்தான் விடுகின்றன. இபானெஸ் ட்யூப் ஸ்க்ரீமரும் அப்படியே. பாஸ் டியூ-3 ட்யூனரை முதல் பெடலாக வைத்திருந்தால் உங்கள் வேலை அங்கேயே முடிந்தது. ஆனால் அதற்குக் கரண்ட் வந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே பாட்டரி இல்லாமல் அடாப்டரைப் பிடுங்கினால் பஃபர் பெடலில் சிக்னலே வராது. பாட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப் கிட்டார், கீபோர்டு, ப்ரீஆம்ப் உள்ளே வைத்த அகவுஸ்டிக் இவற்றுக்கும் தனியாகப் பஃபர் தேவையில்லை. வயர்லெஸ் ட்ரான்ஸ்மிட்டரும் ஒரு பஃபர்தான், ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரகம் என்றால் வைஃபையோடு அதே இடத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், மண்டபத்தில் அந்த நெரிசலை நம்பி நான் கேபிளைக் கைவிட மாட்டேன்.

வைக்கும் இடம்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது: கிட்டாரிலிருந்து போர்டுக்கு 5 மீட்டருக்குள் ஒரு நல்ல கேபிள், போர்டில் முதலாவதாகப் பஃபர், அதற்கப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும். அந்த முதல் 5 மீட்டரைக் குறைக்க மெனக்கெட வேண்டாம், நம் காதுக்குப் பழகிய கிட்டார் சத்தமே அந்த 500 பிகோஃபாரட் சேர்ந்ததுதான். போர்டில் ஏழெட்டு ட்ரூ பைபாஸ் பெடல் இருந்து, அப்புறம் ஆம்ப்புக்கும் நீளக் கேபிள் போகிறது என்றால், முதல் பஃபரே அதையும் தள்ளிவிடும். ஆனால் நடுவில் ஏதோ ஒரு பெடல் ஆன் ஆகும்போது, அதற்குப் பின்னால் உள்ள கேபிளைத் தள்ளுவது அந்தப் பெடலின் அவுட்புட். சில பழைய டிசைன்களில் அது பலவீனமாக இருக்கும். அந்தப் பெடலை அழுத்தினால் மட்டும் மந்தமாகிறது என்றால் போர்டின் கடைசியில் இரண்டாவது பஃபர் வையுங்கள்.

மேடையில் ஓடி ஆடி வாசிப்பவர், கிட்டாரிலிருந்தே 12, 15 மீட்டர் வேண்டும் என்கிறவர், பஃபரைக் கிட்டார் பக்கமே கொண்டுபோக வேண்டும். ஸ்ட்ராப்பில் மாட்டுகிற சின்ன டப்பா, கிட்டாரிலிருந்து அதற்கு அரை மீட்டர் கேபிள். அல்லது கிட்டாருக்குள்ளேயே, கன்ட்ரோல் குழியில்.

விதிவிலக்கு ஃபஸ், அதாவது சத்தத்தைக் கரகரவென்று உடைக்கிற பெடல். ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல்களின் இன்புட் இம்பீடன்ஸ் மிகக் குறைவு, பிக்கப்பே நேராக அதோடு பேசும்படி அமைந்த சர்க்யூட். முன்னால் பஃபர் வைத்தால் சத்தம் சிராய்க்கும், கிட்டார் வால்யூமைக் குறைத்தால் க்ளீன் ஆகிற அந்த அழகும் போய்விடும். ஆகவே ஃபஸ் முதலில், அப்புறம் பஃபர். பழைய டிசைன் 'வா-வா' பெடலையும் ஃபஸ்ஸுக்குப் பக்கத்தில் இரண்டு விதமாகவும் மாற்றிப் பாருங்கள், அதில் விதி கிடையாது.

நீங்களே கட்டலாம்

சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு மணி நேரம் சுற்றினால் எல்லாம் கிடைத்துவிடும். வெளிநாட்டு வரைபடங்களில் ஜே201 மாதிரி ஜேஃபெட் (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்) போட்டிருப்பார்கள். அதைத் தேடி அலையாதீர்கள், கிடைத்தாலும் அசலா என்று சொல்ல முடியாது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி பயஸ் ஆகும். டிஎல்072 ஆப்ஆம்ப் ஐசி போதும். கடையில் அதோடு 8 பின் ஐசி பேஸ், 2.2 மெகாஓம் இரண்டு, 10 கிலோஓம் இரண்டு, 100 ஓம் ஒன்று, 100 கிலோஓம் ஒன்று, 223 என்று அச்சிட்ட பாலியெஸ்டர் கப்பாசிட்டர் ஒன்று, 47 மைக்ரோஃபாரட் ஒன்று, 10 மைக்ரோஃபாரட் ஒன்று, 1என்4007 டையோடு, ஒரு டாட் போர்டு கேளுங்கள். கிட்டார் ஜாக்கை அங்கே பி-38 என்றுதான் கேட்க வேண்டும்: பி-38 சாக்கெட், மோனோ ஒன்று, ஸ்டீரியோ ஒன்று. பெட்டி உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் ட்யூப்லைட் சத்தம் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

9 வோல்ட்டின் பாசிடிவ் டையோடு வழியாகப் போய் ஐசியின் 8ஆம் பின்னில் சேரட்டும், 4ஆம் பின் கிரவுண்டுக்கு. டையோடு எதற்கு என்றால், பெடல் அடாப்டர்களில் நடுப்பின் நெகட்டிவ், மற்ற அடாப்டர்களில் பெரும்பாலும் நடுப்பின் பாசிடிவ், இருட்டு மேடையில் யாராவது தப்பானதைச் செருகுவார்கள். 8ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் இரண்டு 10 கிலோஓமையும் தொடராக வைத்தால் அவை சேருமிடத்தில் பாதி வோல்ட்டேஜ் கிடைக்கும். அந்த இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோஃபாரட், பாசிடிவ் கால் மேலே. இந்தப் பாதி வோல்ட்டேஜிலிருந்து ஒரு 2.2 மெகாஓம் 3ஆம் பின்னுக்கு. இன்புட் ஜாக்கிலிருந்து 223 கப்பாசிட்டர் வழியாக அதே 3ஆம் பின்னுக்கு. இன்னொரு 2.2 மெகாஓமை ஜாக்கின் நுனிக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் போடுங்கள், செருகும்போது 'டப்' என்று அடிக்காது. இரண்டு 2.2ம் இணையாகி மொத்த இன்புட் 1.1 மெகாஓம் வரும், அதனால்தான் 1 மெகாஓம் இரண்டு போடச் சொல்லவில்லை, போட்டால் பாதியாகிவிடும்.

1ஆம் பின்னையும் 2ஆம் பின்னையும் நேராக இணைத்துவிடுங்கள், பஃபர் தயார். 1ஆம் பின்னிலிருந்து 10 மைக்ரோஃபாரட்டின் பாசிடிவ் கால், நெகட்டிவ் காலிலிருந்து 100 ஓம், அங்கிருந்து அவுட்புட் ஜாக். கப்பாசிட்டரின் நெகட்டிவ் காலிலிருந்து கிரவுண்டுக்கு அந்த 100 கிலோஓம். 100 ஓமைத் தேவையில்லாத ஒன்று என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், ஆப்ஆம்ப் நேராக நீளக் கேபிளைத் தள்ளும்போது காதுக்கு எட்டாத ஃப்ரீக்வென்சியில் தானே கத்த ஆரம்பிக்கும், அதைத் தடுப்பது இதுதான். மிச்சமிருக்கும் இன்னொரு பாதி ஐசியை அந்தரத்தில் விடக்கூடாது: 6ஐயும் 7ஐயும் இணைத்து, 5ஐப் பாதி வோல்ட்டேஜில் கட்டிவிடுங்கள்.

ஸ்டீரியோ சாக்கெட் எதற்கு? பாட்டரி வைப்பதாக இருந்தால் அதன் நெகட்டிவ் ஒயரை இன்புட் ஸ்டீரியோ சாக்கெட்டின் நடு வளையத்தில் கட்டுங்கள். மோனோ பின்னைச் செருகும்போது அதன் உடம்பு வளையத்தைக் கிரவுண்டோடு இணைத்துவிடும், அதுவே சுவிட்ச். கேபிளைப் பிடுங்கினால் பாட்டரி ஓய்வெடுக்கும். எல்ஈடி வேண்டாம், ஐசி குடிப்பதில் பாதியை அது குடித்துவிடும். இந்தச் சர்க்யூட் மூன்று நான்கு மில்லிஆம்பியருக்குள்தான், நல்ல அல்கலைன் பாட்டரி 100 மணி நேரத்துக்கு மேல் வரும்.

ஐசியைச் செருகுவதற்கு முன்னால் 8ஆம் துளையில் மீட்டரை வைத்துப் பாருங்கள், 8.4 வோல்ட் பக்கம் வர வேண்டும். ஐசியைச் செருகியபின் 1ஆம் பின்னில் அதில் பாதி, 4.2 போல. 3ஆம் பின்னில் ப்ரோபை வைத்தால் 3.4 என்றோ இன்னும் குறைவாகவோ காட்டும், பயப்பட வேண்டாம். 2.2 மெகாஓம் வழியாக வருகிற வோல்ட்டேஜை மீட்டரே கொஞ்சம் இழுத்துவிடுகிறது, சர்க்யூட்டில் குறை இல்லை. 1ஆம் பின்னில் 0 அல்லது முழு 8 வோல்ட் நின்றால் மட்டும் சால்டரை மறுபடி பாருங்கள், பெரும்பாலும் 3ஆம் பின்னுக்கு வருகிற ரெசிஸ்டர் ஒட்டாமல் இருக்கும்.

எல்லாம் ஓடியபின் சிலர் சொல்வது: "இப்ப ரொம்பக் குத்துது." நியாயம்தான். ஸ்ட்ராப் டப்பாவாகவோ கிட்டாருக்குள்ளோ வைத்தால் பிக்கப்புக்குக் கேபிளே இல்லாத மாதிரி, மேடு 6,000, 7,000க்கோ அதற்கு மேலேயோ ஏறிவிடும், காதுக்கு மெல்லிய கண்ணாடிச் சத்தம். இன்புட் ஜாக்கின் நுனிக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 471 என்று அச்சிட்ட 470 பிகோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் 5 மீட்டர் கேபிள் திரும்ப வந்துவிடும். ஒரு சின்ன சுவிட்ச் வைத்து 330, 680, 1,000 என்று மாற்றுகிற மாதிரி செய்தால், கேபிள் நீளத்தையே டோன் கன்ட்ரோலாக வைத்து விளையாடலாம். என்னைக் கேட்டால் இந்தச் சுவிட்ச்தான் கடையில் வாங்குகிற பஃபரைவிடச் சொந்தமாகக் கட்டுவதில் உள்ள லாபம்.

கிட்டார் வால்யூமை 10லிருந்து 6க்குக் குறைத்ததும் சத்தத்தோடு ட்ரெபிளும் போகிறதே, அதற்குப் போர்டில் உள்ள பஃபர் உதவாது. வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் உள்ள திருகு ரெசிஸ்டர்) நடுவில் நிற்கும்போது அதுவே கேபிளுக்கு முன்னால் ஒரு பெரிய ரெசிஸ்டராகிவிடுகிறது. 500 கிலோஓம் பாட் பாதி ரெசிஸ்டன்ஸில் நின்றால் 125 கிலோஓம் வரை, 15 மீட்டர் கேபிளோடு சேர்ந்தால் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே குறைய ஆரம்பிக்கும். கேபிளைச் சுருக்குங்கள், இல்லையென்றால் அந்த வால்யூம் பாட்டின் இன்புட் காலுக்கும் நடுக்காலுக்கும் குறுக்கே 1,000 பிகோஃபாரட்டும் 150 கிலோஓமும் இணையாக வைத்துப் பாருங்கள்.

வீணையிலும் அகவுஸ்டிக்கிலும் பீசோ (அதிர்வை நேராக மின்சிக்னலாக்கும் சில்லு) ஒட்டி வாசிப்பவர்களுக்குக் கதை தலைகீழ். பீசோ ஒரு கப்பாசிட்டர் மாதிரி, கேபிள் அதோடு சேர்ந்தால் ட்ரெபிள் போகாது, மொத்த அளவு குறையும். பாஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, போவது இன்புட் இம்பீடன்ஸ் போதாததால். சேடிலுக்கு அடியில் வைக்கும் மெல்லிய பீசோ 1,000 பிகோஃபாரட் என்றால், 1 மெகாஓம் இன்புட்டில் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க ஆரம்பிக்கும். கிட்டாரின் கனத்த இ கம்பி 82 ஹெர்ட்ஸ். தகரத்தில் தட்டுகிற மாதிரி வருவதற்குக் காரணம் பாதி இதுதான். மேலே சொன்ன சர்க்யூட்டில் 3ஆம் பின்னுக்கு வரும் 2.2 மெகாஓமை 10 மெகாஓமாக மாற்றி, ஜாக்கில் உள்ள இன்னொரு 2.2ஐ எடுத்துவிடுங்கள், டப்பாவை வாத்தியத்துக்கு ஒட்டியே வையுங்கள்.

மேடையிலிருந்து மிக்சருக்கு 30, 40 மீட்டர் போக வேண்டும் என்றால் பஃபர் வேண்டாம், டிஐ பாக்ஸ் (சிக்னலை ஹம் ஏறாத பேலன்ஸ்டு வகையாக மாற்றி அனுப்பும் டப்பா) கேளுங்கள். பஃபர் ட்ரெபிளைக் காக்கும், ஆனால் அன்பேலன்ஸ்டு ஒயர்தானே, சீரியல் செட் டிம்மரும் ஜெனரேட்டரும் பக்கத்தில் ஓடினால் ஹம் வந்தே தீரும். பாட்டரி இல்லாத பாஸிவ் கிட்டாரை நேராக மாட்டுவதாக இருந்தால் ஆக்டிவ் டிஐ, அதற்குக் கேபிள் வழியே கரண்ட் கொடுக்க மிக்சரில் 48 வோல்ட் ஃபாண்டம் போடச் சொல்லுங்கள். பாஸிவ் டிஐயின் இன்புட் 150 கிலோஓம் போலத்தான் இருக்கும், பிக்கப்பை அமுக்கிவிடும். முன்னால் பஃபர் இருந்தால் பாஸிவே போதும்.

கடைசியாக ஜாக். மெரினா பக்கமோ பெசன்ட் நகரிலோ குடியிருந்தால் உப்புக் காற்றில் பி-38 பின் சில மாதத்தில் மங்கி, சாக்கெட் உள்ளே பச்சை பூத்துவிடும். சத்தம் விட்டு விட்டு வந்தால் பஃபரைப் பிரிப்பதற்கு முன்னால் கான்டாக்ட் க்ளீனர் ஒரு சொட்டு விட்டு, பின்னைப் பத்துத் தடவை செருகி எடுங்கள். பாட்டரி வைத்த டப்பாவை மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாட்டரியைக் கழற்றி வையுங்கள். ஒழுகினால் முதலில் அரிப்பது பாட்டரி கிளிப்பைத்தான், அப்புறம் டாட் போர்டின் செம்பு.